சிட்லபாக்கம் ஏரி இயற்கையானதா? மே மாதத்திலும் தண்ணீர் நிற்பது நல்ல அறிகுறியா?

சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்தை ஒட்டிய சிட்லபாக்கத்தில் ஏரி பார்த்த அடுக்ககம் ஒன்றில் வீடு வாங்கியிருக்கிறீர்கள். இந்த ஏரி இயற்கையானதா, மனிதர் வெட்டியதா, எத்தனை ஆண்டு பழையது என்று கேட்டிருக்கிறீர்கள். மே மாதத்திலும் தண்ணீர் நிற்பதால் ஏரி நலமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா என்பது உங்கள் மூன்றாவது கேள்வி. இவற்றுக்கு அடியில், கேட்கத் தயங்கிய இன்னொன்றும் தெரிகிறது: மழைக்காலத்தில் இந்த ஏரி உங்கள் வீட்டுக்குள் வருமா? நான் பாசனப் பொறியாளராக முப்பத்தோர் ஆண்டுகள் வேலை பார்த்தவன். அதில் பெரும்பகுதி செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்து ஏரிக்கரைகளில் கழிந்தது. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். பறவைகளையும் தாவரங்களையும் பற்றி நான் சொல்வது கரையில் நடந்து பார்த்துக் கற்றது. அதை ஓர் ஆர்வலனின் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கு விடை நம் பேச்சிலேயே இருக்கிறது. குளம் வெட்டினார்கள் என்கிறோம். ஏரி கட்டினார்கள் என்கிறோம். கோயில் குளம் நான்கு பக்கமும் தோண்டிப் படி வைத்தது. ஏரிக்குத் தோண்டல் இரண்டாம்பட்சம். மேற்கிலிருந்து கிழக்காக மெல்லச் சரியும் நிலத்தில், மழைநீர் வழிந்தோடும் பாதைக்குக் குறுக்கே, பிறை வடிவில் ஒரு மண்கரையை எழுப்பினால் அதன் மேல்பக்கம் நீர் தேங்கும். அந்தத் தேக்கம்தான் ஏரி. எனவே சரிவும் நீரோட்டமும் இயற்கை. கரையும் மதகும் கலங்கலும் மனிதர் செய்தவை. தொண்டை மண்டலத்து ஏரிகளில் பெரும்பாலானவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. சிறியவற்றுக்குத் தாங்கல் என்றும் சித்தேரி என்றும் பெயர். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல், வேடந்தாங்கல் என்று ஊர்ப் பெயர்களில் இன்றும் அவை நிற்கின்றன.

இந்த அமைப்பை மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்ற எல்லாம் எளிதாகும். ஏரி கரையோரம் ஆழமாகவும், மேல்பக்கம் போகப்போகக் கணுக்கால் அளவாகவும் இருக்கும். கரைக்கு எதிர்ப்பக்கத்துக்கு உள்வாய் என்று பெயர். அங்கே எல்லைக்கோடு கிடையாது. நல்ல மழை ஆண்டில் நீர் மேலேறும், வறட்சியில் பின்வாங்கும். கரையில் மதகு இருக்கும்; அதைத் திறந்தால் கீழே வயல்களுக்குத் தண்ணீர் பாயும். கரையின் ஓர் ஓரத்தில் கலங்கல் இருக்கும். ஏரி நிரம்பியதும் மிகுதி நீர் அதன் மேல் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். எங்கள் பக்கத்தில் இதை ஏரி கோடி போகிறது என்பார்கள். ஏரி கோடி போன அன்று ஊரே திரண்டு கரைக்கு வந்து வேடிக்கை பார்த்ததை நான் பல முறை கண்டிருக்கிறேன்.

உங்கள் ஏரி தனித்து நிற்கும் நீர்நிலை அன்று. பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் என்று இந்தப் பகுதியில் வரிசையாகத் தெரியும் குன்றுகள் சார்னோகைட் என்னும் மிகப் பழைய கருநிறப் பாறையால் ஆனவை. கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இவ்வகைப் பாறை என்பதால் அவர் பெயரையே பாறைக்கு வைத்தார்கள். அதன் மூல மாதிரி இடம் நம் பரங்கிமலை, பல்லாவரம் பகுதிதான். அந்தப் பாறை நீரை அதிகம் உறிஞ்சாது. மழை வழிந்து கீழே இறங்கும். இறங்கிய நீரைப் படிப்படியாகப் பிடித்து வைக்கத்தான் ஏரிகளைச் சங்கிலியாகக் கட்டினார்கள். சிட்லபாக்கம் ஏரியின் மிகுதி நீர் செம்பாக்கம் ஏரிக்குப் போக வேண்டும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். அதிலிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் கோவளம் கழிமுகத்துக்கும் சென்று கடல் சேரும். பள்ளிக்கரணை 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதைக் காப்பாற்ற வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் உங்கள் ஏரியில் விழும் ஒவ்வொரு சாக்கடைச் சொட்டும் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி வரை போகிறது என்பதை யாரும் பேசுவதில்லை.

இனி வயது. உங்கள் ஏரிக்கு இத்தனை ஆண்டு என்று தேதி குறித்துச் சொல்பவரை நம்பாதீர்கள். கரையிலோ அருகிலுள்ள கோயிலிலோ ஏரியைக் குறிப்பிடும் கல்வெட்டு இருந்தாலொழிய ஒரு தனி ஏரியின் வயதைச் சொல்ல வழியில்லை. மண்கரை ஒவ்வொரு தலைமுறையிலும் உடைந்து திருத்தப்பட்டது. பழைய மண் எது, புது மண் எது என்று பிரிக்க முடியாது. ஆனால் இந்த வகைத் தொழில்நுட்பம் இங்கே ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக நிலைபெற்றிருந்தது என்பதில் ஐயம் இல்லை. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919 முதல் 921 வரையிலானவை, ஊர்ச்சபையின் குழுக்களில் ஏரி வாரியம் என்ற ஒன்றைக் குறிப்பிடுகின்றன. ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே குடவோலையில் ஆள் தேர்ந்தெடுத்தார்கள். உங்கள் வீட்டுக்கு வடக்கே சில கிலோமீட்டரில் பல்லாவரத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த குகை இருக்கிறது. அது ஏழாம் நூற்றாண்டு. அதே பல்லாவரத்தில்தான் 1863ஆம் ஆண்டு மே 30ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். ஆக மனிதர் இந்தச் சரிவில் நெடுங்காலமாக வாழ்கிறார்கள். அதனால் சிட்லபாக்கம் ஏரி பல்லவர் காலத்தது என்று ஆகிவிடாது. இருக்கலாம் என்பதற்கு மேல் நான் போக மாட்டேன்.

ஆங்கிலேயர் வருகைக்குப் பிறகு ஆவணங்கள் கூடுகின்றன. ஆர்க்காட்டு நவாப் 1763இல் செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வரி வசூலிக்கும் உரிமையோடு, கொடுத்தார். அதன் பிறகு தாமஸ் பர்னார்டு ஊர் ஊராக அளந்தார். லயனல் பிளேஸ் கலெக்டராக இருந்த 1790களில் உடைந்து கிடந்த ஏரிகள் பலவற்றைத் திருத்தினார். மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கதையில், பெருமழை இரவில் ராமரும் லட்சுமணரும் வில்லேந்திக் கரையைக் காத்து நிற்பதைக் கண்ட துரை அவர்தான். அந்தக் கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் ஒரு மழைக்கால இரவில் ஏரிக்கரை உடையுமா என்ற அச்சம் ஒரு கலெக்டரையே கரையில் கொண்டுவந்து நிறுத்தியது என்ற அளவில் அந்தக் கதை இந்த வட்டாரத்து வாழ்வை மிகச் சரியாகச் சொல்கிறது. நானும் கையில் டார்ச்சோடு அப்படி நின்றவன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, மதகு பார்க்கும் பெரியவர் ஒருவர் என்னைக் கரையின் வெளிச்சரிவுக்கு அழைத்துப் போய், கசிந்து வரும் நீரைக் கையில் ஏந்திக் காட்டினார். “தெளிவாகக் கசிந்தால் தூங்கப் போங்கள் ஐயா, கலங்கலாகக் கசிந்தால் மணல் மூட்டை கொண்டு வாருங்கள்” என்றார். கலங்கிய கசிவு என்றால் கரையின் உள்ளிருந்து மண் அரித்து வருகிறது என்று பொருள். பாடப்புத்தகத்தில் பல பக்கங்களில் படித்ததை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

இப்போது மே மாதத் தண்ணீருக்கு வருகிறேன். உங்கள் கேள்விகளில் இதுதான் முக்கியமானது. உங்களுக்கு மகிழ்ச்சி தராத விடையும் இதற்குத்தான். சென்னைக்கு ஆண்டு சராசரி மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் சுமார் 60 சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடும். எஞ்சியதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும். ஜனவரி முதல் மே வரை பெரும்பாலும் வெயில்தான். திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஓராண்டில் ஆவியாகும் நீர் அந்த ஆண்டு மழையைவிட அதிகம். ஆகவே ஆழம் குறைந்த மழைநீர் ஏரி டிசம்பரில் நிரம்பி, தையிலும் மாசியிலும் குறைந்து, கோடையில் கரையோரக் குட்டையாகச் சுருங்குவதுதான் அதன் இயல்பு. சில ஆண்டுகளில் முழுதும் காயும். காய்வதும் அதன் உயிரோட்டத்தில் ஒரு பகுதி. வெடித்த சேற்றில் காற்றுப் புகும், அழுகல் மட்கும், ஊரார் வண்டல் அள்ளி வயலில் போடுவார்கள், மண்ணுக்குள் காத்திருக்கும் விதைகளும் சிற்றுயிர்களின் முட்டைகளும் அடுத்த மழையில் எழும்பும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கோடையில் நாளொன்றுக்கு ஆறு மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், நாற்பது ஏக்கர் நீர்ப்பரப்பிலிருந்து தினமும் ஏறத்தாழ பத்து லட்சம் லிட்டர் போய்விடும். நீர்மட்டம் இறங்காமல் நிற்க வேண்டுமானால் தினமும் அதே அளவு எங்கிருந்தோ வந்துகொண்டிருக்க வேண்டும். நகரத் திட்டமிடலில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் என்றும், அதில் 80 சதவீதம் கழிவாக வெளியேறும் என்றும் கணக்கிடுவது வழக்கம். அப்படிப் பார்த்தால் நால்வர் வாழும் இரண்டாயிரத்து ஐந்நூறு வீடுகளின் கழிவுநீர் அந்தப் பத்து லட்சம் லிட்டரைக் கொடுத்துவிடும். மழையே இல்லாத மாதத்தில் ஏரிக்கு யார் தண்ணீர் கொடுக்கிறார்கள் என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

இதில் உறுதியானது எது, ஐயமானது எது என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். ஆவியாதல் கணக்கு உறுதி. வெளியிலிருந்து நீர் வராமல் ஆழமற்ற ஏரி மே மாதத்தில் முழுதாக நிற்காது என்பதும் உறுதி. அந்த நீர் முழுதும் சாக்கடைதான் என்று நேரில் பார்க்காமல் சொல்ல மாட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஆழப்படுத்திய ஏரியில் பருவமழை நீர் நீண்ட நாள் நிற்கலாம். சுற்றியுள்ள நிலத்தடி நீர்மட்டம் உயரமாக இருந்தால் சிறிதளவு ஊறியும் வரலாம். நீங்களே சோதிக்க எளிய வழி இருக்கிறது. மழை இல்லாத ஒரு வாரத்தில், மழைநீர் வடிகால் ஏரியில் சேரும் இடத்துக்குக் காலை ஐந்து மணிக்கு ஒரு முறையும், எட்டு மணிக்கு ஒரு முறையும் போய்ப் பாருங்கள். எட்டு மணிக்கு ஓட்டம் கூடி, நுரையும் வந்தால் அது ஊரார் குளித்துத் துவைத்த நீர். உறுதிப்படுத்த வேண்டுமென்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். அம்மோனியாவும், மலக்கழிவு கலந்ததைக் காட்டும் கோலிஃபார்ம் கிருமியும் உண்மையைச் சொல்லிவிடும்.

கழிவுநீர் ஏரியைக் கொல்லும் விதம் மெதுவானது. அதிலுள்ள பாஸ்பேட்டும் நைட்ரஜனும் பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் உரம். தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை ஏரியைப் பச்சைக் கம்பளமாக மூடும்போது கீழே வெளிச்சம் போகாது. அல்லியும் நீரடித் தாவரங்களும் மடியும். பாசி பகலில் ஆக்சிஜன் தரும், இரவில் அதையே உறிஞ்சும். அதனால் விடியும் நேரத்தில்தான் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. கோடை மழை ஒன்று திடீரென அடித்து அடிச்சேற்றைக் கலக்கிவிட்டால் மறுநாள் காலை மீன்கள் வெள்ளையாக மிதக்கும். அப்போது யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று ஊரே பேசும். பெரும்பாலும் யாரும் கலந்திருக்க மாட்டார்கள்; மூச்சு முட்டிச் செத்தவை அவை. கெண்டைகள் அருகி, ஜிலேபி மீனும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் பெருகுவதும் இதன் தொடர்ச்சிதான்.

பறவைகள் நிறைய வருகின்றன, எனவே ஏரி நலம் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பறவை என்று பாருங்கள். நீலத்தாழைக்கோழியும் நாமக்கோழியும் மடையானும் சத்து மிகுந்த அழுக்கு நீரிலும் பிழைத்துக்கொள்ளும். சேற்றைக் கிளறி இரைதேடும் உள்ளான் வகைகளுக்குத் தேவை பின்வாங்கும் நீர்விளிம்பு; அதாவது உள்வாயில் கோடைதோறும் வெளிப்படும் ஈரச் சேறு. ஆண்டு முழுவதும் ஒரே மட்டத்தில் நிற்கும் ஏரியில் அந்த விளிம்பே இருக்காது. முக்குளிப்பான் மூழ்கி எழுவதை உங்கள் பால்கனியிலிருந்தே பார்க்கலாம். அதைப் பார்க்காமல் விடாதீர்கள்.

இந்த நிலைக்கு ஏரிகள் வந்த கதை நீளமானது. என் மனத்தை அதிகம் வருத்துவதும் அதுதான். மதகுக்குக் கீழே வயல் இருந்தவரை ஏரிக்கு ஆள் இருந்தார்கள். தண்ணீர் யாருக்குத் தேவையோ அவர்கள் வரத்துக் கால்வாயைத் தூர் எடுத்தார்கள். குடிமராமத்து என்று அதற்குப் பெயர். 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, பாதையை ஒட்டிய ஊர்கள் மெல்ல மெல்ல நகரம் ஆயின. ஏரி நீர் பாய்ந்த ஆயக்கட்டு நிலம் மனையானது. மதகைத் திறக்கும் தேவை போயிற்று. அரசுப் பிரிவினையில் நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள ஏரி பொதுப்பணித் துறைக்கு, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கு என்பது பழைய விதி. பாசனமே இல்லாமல் போன ஏரியைப் பாசனப் பரப்பை வைத்துப் பிரித்த விதி எப்படிக் காப்பாற்றும்? 2017ஆம் ஆண்டு ஈரநிலப் பாதுகாப்பு விதிகளும் பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் மனிதர் கட்டிய நீர்நிலைகளை வரையறையிலிருந்து விலக்கிவிட்டன. நீங்கள் கேட்ட “இயற்கையா, செயற்கையா” என்ற கேள்வி இங்கேதான் சட்டத்தின் எடையைப் பெறுகிறது.

நகரத்துக்குள் இருந்த ஏரிகளுக்கு நேர்ந்தது தெரிந்ததுதான். மாம்பலத்தின் நீண்ட ஏரியை 1920களில் வடித்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. பார்க்க ஏரி இல்லை. 1976இல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரியின் இடத்தில். சிட்லபாக்கம் அந்த வழியில் முழுதாகப் போகாமல் தப்பியதற்கு ஊர்மக்களின் விடாமுயற்சி ஒரு பெரிய காரணம். 2019இல் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த கோடையில், உங்கள் ஊரார் வார இறுதிகளில் மண்வெட்டியோடு காய்ந்த ஏரியில் இறங்கினார்கள். நீங்கள் இப்போது பால்கனியில் நின்று பார்க்கும் தண்ணீருக்கு அவர்களும் பொறுப்பு. அவர்களைத் தேடிப்போய்ப் பேசுங்கள். ஏரியைப் பற்றி என்னைவிட அதிகம் அறிந்தவர்கள் அவர்கள்.

ஆழமாகத் தோண்டினால் தீருமா என்றும் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். ஓர் ஏக்கரில் ஒரு மீட்டர் கூடுதல் ஆழம் ஏறத்தாழ 40 லட்சம் லிட்டர் கொள்ளும் என்பதால் அந்த யோசனை கவர்ச்சியாக இருக்கும். வண்டலை எடுப்பது சரி. களிமண் அடுக்கைத் துளைத்துக்கொண்டு போவதும், உள்வாய்ப் பக்கத்தையும் கரையோரம் போலவே வெட்டுவதும், நடைபாதைக்காக நாலு பக்கமும் கரை எழுப்புவதும் ஏரியைத் தொட்டியாக்கிவிடும். மேற்கிலிருந்து பரவலாக வரும் மழைநீர் அந்தப் புதுக்கரையில் முட்டித் தெருவில் நிற்கும். ஏரி பாதி காலியாக இருக்கும்போதே தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்பதை இப்படிக் கரை சூழ்ந்த ஏரிகள் சிலவற்றில் நான் பார்த்திருக்கிறேன். அத்தகைய வேலைகளில் சிலவற்றுக்கு மதிப்பீடு தயாரித்தவர்களில் நானும் ஒருவன். அப்போது இன்னும் உரக்க மறுத்திருக்க வேண்டும்.

கடைசியாக, உங்கள் வீடு. 2015 டிசம்பர் முதல் தேதிப் பெருமழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. அத்தகைய மழையை எந்தச் சிற்றேரியும் முழுதாகத் தாங்காது. மிகுதி நீர் வழியத்தான் வேண்டும். உங்கள் மனை கரைக்குக் கீழ்ப்பக்கமா, உள்வாய்ப் பக்கமா என்று முதலில் பாருங்கள். உள்வாய்ப் பக்கம் என்றால் கலங்கலின் உச்சி மட்டமும் உங்கள் தரைத்தள மட்டமும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதே கேள்வி. ஒரு நில அளவையாளர் அரை நாளில் அளந்து சொல்லிவிடுவார். கரைக்குக் கீழ் என்றால், செம்பாக்கம் ஏரிக்குப் போகும் மிகுதிநீர்க் கால்வாய் உங்கள் தெருவுக்கு அருகில் எங்கே ஓடுகிறது, எங்கே குறுகுகிறது என்று நடந்து பாருங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒவ்வொரு புல எண்ணும் எந்த வகை நிலம் என்று காட்டும் அ-பதிவேட்டையும், அதன் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தையும் கேட்டு வாங்குங்கள். உங்கள் புல எண்ணுக்கு எதிரே ஏரி என்றோ வாய்க்கால் என்றோ புறம்போக்குக் குறிப்பு இருந்தால் பத்திரம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்; சட்டம் என் துறை இல்லை. குறிப்பு எதுவும் இல்லையென்றால், வரும் ஐப்பசியில் முதல் பெருமழை விட்ட மறுநாள் காலை கலங்கலுக்குப் போய் நின்று, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து எழுதுங்கள். மீதியை அதை வைத்துப் பேசலாம்.